இருவருக்கு அளவெடுத்த வீடு: மூத்தோர் குடியிருப்பில் 19 மாதங்கள்

கும்பகோணத்தில் 41 ஆண்டுகள் வாழ்ந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, நானும் என் மனைவியும் 2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, கோயம்புத்தூருக்கு மேற்கே மலை கண்ணில் படும் தூரத்தில் உள்ள மூத்தோர் குடியிருப்பு ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு வயது 72, அவளுக்கு 67. அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இடம் எப்படி இருக்கிறது, நாங்களும் வரலாமா என்று பழைய அலுவலக நண்பர்களும் உறவினர்களும் மாதத்துக்கு நான்கு பேராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரேயடியாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. குடியிருப்பின் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுதவிருக்கிறேன், மூன்று வேளையும் இன்னும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இத்தகைய குடியிருப்புகளைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் ஏதோ ஒரு வாரநாளில், காலை பத்துமணி வாக்கில் வருகிறார்கள். அந்த நேரத்தில் தோட்டம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருக்கும், சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் மணந்துகொண்டிருக்கும், நடைபாதையில் இரண்டு பெரியவர்கள் கைத்தடியோடு போய்க்கொண்டிருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம். இப்போது கேட்டால், இந்த இடத்தை அப்படிப்பட்ட நாளில் எடைபோடக் கூடாது என்றே சொல்வேன். மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் வந்து நிற்கும் நாளில், அக்காவும் அத்தானும் இரவு ரயிலில் வந்து இறங்கும் நாளில் பார்க்க வேண்டும். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் நாட்களுக்கு இந்தக் குடியிருப்புக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன். வீட்டுக்கு ஆள் வரும் நாட்களுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

ஊரை விட்டு வந்த காரணம் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். திண்ணை, ரேழி, முற்றம் என்று நீண்டுகொண்டே போகும் வீடு. வாசலிலிருந்து கொல்லைக்குப் போய் வருவதற்குள் என் மனைவிக்கு முழங்கால் வலி வந்துவிடும். இருபது ஆண்டுகள் வேலை செய்த அம்மாள் தன் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். மகள் பெங்களூரில், மகன் சிங்கப்பூரில். கோவை என்றால் மகள் வந்துபோக எளிது என்பதே எங்கள் கணக்கு. 2023 டிசம்பர் இறுதியில் பெங்களூருக்கு வந்தே பாரத் ரயிலும் விட்டிருந்தார்கள். வீட்டை விற்கவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது பாத்திரங்களைப் பற்றி. பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக் கூடத்தில் பரப்பியபோது இரண்டு அண்டா, நான்கு தவலை, ஒரு கங்காளம், மூன்று வெண்கலப் பானை, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தாம்பாளங்கள், 36 எவர்சில்வர் தட்டுகள், 60க்குக் குறையாத டம்ளர்கள் இருந்தன. எங்கள் இருவருக்கும் அன்றாடம் புழங்க மூன்று பாத்திரம் போதும். மீதி அத்தனையும் வருபவர்களுக்காக வாங்கியவை, அல்லது வந்தவர்கள் கொடுத்தவை. பெரிய கடைத்தெருவிலிருந்து வந்த பாத்திரக் கடைக்காரர் பித்தளையைத் தனியாகவும் வெண்கலத்தைத் தனியாகவும் பிரித்து, ஒட்டுப் போட்ட இடங்களுக்கும் உள்ளே பூசிய ஈயத்துக்கும் கழிவு போட்டு, எடைக்கு எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் விளிம்பை ஒட்டிப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. என் அம்மாவின் முதலெழுத்து, எங்கள் கல்யாணத் தேதி, திருவாரூர்ச் சித்தப்பா பெயரில் விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்து. என் மனைவி புடவைத் தலைப்பால் விளிம்பைத் துடைத்து, பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டு, அதன்பிறகே தராசில் வைத்தாள். கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை, இப்படி எத்தனை வீடு பார்த்திருப்பாரோ. காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, "இந்தச் சின்ன உருளிய வச்சுக்கங்கம்மா, இது எடைக்குப் போடுற சாமானில்ல" என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

எடுத்துவந்தவை ஆறு தட்டு, எட்டு டம்ளர், அந்த உருளி, ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, காபி ஃபில்டர், ரசம் வைக்கும் ஈயச்சொம்பு, இரண்டு பெட்டி கொலு பொம்மை. ஆறு தட்டு என்ற கணக்கை அன்று மிகவும் புத்திசாலித்தனமானது என்று நினைத்தேன். இருவருக்கு இரண்டு, விருந்தாளிகளுக்கு நான்கு. தேக்குப் பலகையும் பித்தளைச் சங்கிலியுமாக இருந்த ஊஞ்சலை அக்கா வீட்டுக்கு அனுப்பினோம், ஏனென்றால் புதிய வீட்டின் மேல்தளத்தில் கொக்கி அடிக்க அனுமதி இல்லை. ஆட்டுக்கல்லைக் கேட்பாரில்லை, அது கொல்லையிலேயே இருக்கிறது. இந்த ஒழிப்பு வேலைக்கு ஐந்து வாரம் பிடித்தது. இடம்பெயர நினைப்பவர்கள், சாமான் ஏற்றும் நிறுவனத்தைக் கூப்பிடுவதற்கு முன்பே இதை முடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அதைப் பின்னால் செய்தோம். அதனால், பரண் நிறையச் சாமான் இருந்தபோது போட்ட விலைக்கும் கடைசியில் லாரியில் ஏறிய சாமானுக்கும் பொருத்தமே இல்லாமல் போயிற்று.

அந்த நிறுவனத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்பேசியில் வீட்டைக் காணொளியாகக் காட்டச் சொல்லி 34,000 ரூபாய் என்றார்கள். சாமான் பாதியாகக் குறைந்துவிட்டதே என்று கேட்டதற்கு, கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றைப் பொறுத்துத்தான் விலை என்றார்கள். கடைசியில் ஜிஎஸ்டி, மாடி ஏற்றுக்கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து 41,500 வாங்கினார்கள். குடியிருப்பில் மின்தூக்கி இருப்பதையும் நான் முன்பே சொல்லியிருந்தேன். 300 கிலோமீட்டர் தூரத்தை ஒரே இரவில் கடந்து மறுநாள் காலை வந்துவிடும் என்ற லாரி, வழியில் வேறு ஒருவருடைய சாமானையும் ஏற்றிக்கொண்டு மூன்றாம் நாள் மாலை வந்தது. பழைய நூல் புடவையில் என் மனைவி சுற்றிவைத்திருந்த கொலு பொம்மைகளை, 'எங்கள் முறைப்படிதான் கட்டுவோம்' என்று பிரித்து, குமிழ்த் தாளில் சுற்றி, அதன்மேல் மிக்ஸியை வைத்திருந்தார்கள். தசாவதார செட்டில் வாமனருடைய குடை போய்விட்டது. சொன்ன மதிப்பில் மூன்று விழுக்காடு காப்பீட்டுக்கென்று கட்டியிருந்தோமே என்று கேட்டால், பொருள் வாங்கிய ரசீது வேண்டும் என்றார்கள். என் மாமியார் பண்ருட்டியில் வாங்கிய பொம்மைக்கு நான் ரசீதுக்கு எங்கே போவேன்? கட்டிய ஆட்கள் நல்ல உழைப்பாளிகள், ஒரு தம்ளர் மோர் தவிர எதையும் கேட்டு வாங்கவில்லை. குறை அலுவலகத்தில்தான். விலையை எழுத்தில் வாங்குங்கள், தனி லாரியா கூட்டு லாரியா என்பதை அந்தத் தாளிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள், உடையும் சாமானுக்குப் படம் எடுத்து மதிப்பு எழுதி அவர்களிடமே கையெழுத்து வாங்குங்கள்.

எங்கள் வீடு 640 சதுர அடி. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், மேடை போட்ட சிறிய சமையலிடம், இரண்டு நாற்காலி போடத்தக்க பால்கனி. கதவுகள் சக்கர நாற்காலி போகும் அகலம். குளியலறையில் வழுக்காத தரை, இரண்டு பக்கமும் கைப்பிடி, இழுத்தால் செவிலியர் அறையில் மணியடிக்கும் சிவப்புக் கயிறு. வந்த இரண்டாம் வாரத்தில், அதைத் துணி காயப்போடும் கொடி என்று நினைத்து என் மனைவி இழுத்துவிட்டாள். நான்கு நிமிடத்துக்குள் ஒரு செவிலிப் பெண்ணும் ஒரு காவலாளியும் சக்கர நாற்காலியோடு வாசலில் வந்து நின்றார்கள். ஈரத் துண்டும் கையுமாக என் மனைவி வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். "பரவாயில்லீங்கம்மா, இப்படித்தான் நாங்களும் ஓடிப் பழகிக்கிறோம்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

பணக் கணக்கு பலரும் கேட்பது. இந்த வீட்டை வாங்கிப்போட்டிருப்பவர் வெளிநாட்டில் இருக்கிறார். எங்களுக்கு வாடகை 16,000. குடியிருப்பை நடத்தும் நிறுவனத்துக்குப் பராமரிப்புக் கட்டணம் இருவருக்கும் சேர்த்து 9,000, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. சாப்பாடு ஆளுக்கு 5,800. மின்சாரம் தனி. மாதத்துக்கு 40,000 என்று வைத்துக்கொண்டால் கையைக் கடிக்காது. இரண்டு ஆண்டு வாடகை ஒப்பந்தம் போட்டதற்குக் காரணம், வாங்குவதற்கு முன் இருந்து பார்த்துவிடலாம் என்பதுதான். வாங்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மனையில் பிரிபடாத பங்கு எவ்வளவு எழுதிக் கொடுக்கிறார்கள், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, பிள்ளைகளுக்குச் சொத்து போனபின் 55 வயது ஆகாத அவர்கள் அதில் குடியிருக்கலாமா அல்லது வாடகைக்கு விடவோ விற்கவோ மட்டும்தான் முடியுமா, விற்கும்போது நடத்தும் நிறுவனத்துக்கு மாற்றுக் கட்டணம் எவ்வளவு என்பவற்றை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்கால இல்லங்களுக்கென்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கையில் அதன் படி ஒன்றை வைத்துக்கொண்டு பேசினால், விற்பனைப் பிரிவில் இருப்பவர்கள் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறார்கள்.

முகவரி மாற்றும் வேலையில் அலுவலகம் உண்மையிலேயே உதவியது. ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 8 ஆகியவற்றுக்கு ஒரு பையன் உட்கார்ந்து உதவினான். எரிவாயு உருளையையும் ரெகுலேட்டரையும் கும்பகோணத்திலேயே ஒப்படைத்து, முன்பணத்தை வாங்கிக்கொண்டு வந்திருந்தோம். நவம்பர் மாதத்தில் ஓய்வூதியர்களுக்கு உயிர்வாழ் சான்றிதழ் எடுக்க அஞ்சலகத்திலிருந்து ஆளை வரவழைத்திருந்தார்கள். 70 ரூபாயில், இருந்த இடத்திலேயே வேலை முடிந்தது. கைவிரல் ரேகை விழாத ஒரு பாட்டிக்கு அந்த இளைஞர் பொறுமையாக முகம் காட்டி எடுத்துக் கொடுத்ததைப் பார்க்க, துறையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு மனக்குறை. இங்கே கடிதங்களை வாயில் காவலறையிலேயே மொத்தமாக வைத்துவிடுகிறார்கள், வீட்டு வாசலில் பெட்டி இல்லை. என்னைத் தவிர வேறு யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை.

சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. காலை ஏழரை முதல் ஒன்பது, மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டு, இரவு ஏழு முதல் எட்டரை. உப்பும் காரமும் அடக்கம். வெங்காயம், பூண்டு சேர்க்காதது தனி மேசையில். சனிக்கிழமை மதியம் அரிசிம்பருப்புச் சாதம் போடுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து நாக்குக்கு முதலில் இது பொங்கலா சாம்பார் சாதமா என்று பிடிபடவில்லை, இப்போது நெய் ஊற்றி இரண்டாம் முறை வாங்கிக்கொள்கிறேன். காபி மட்டும் வீட்டில்தான். சமையற்கூடத்தில் பாலையும் சர்க்கரையையும் டிகாக்‌ஷனையும் ஒன்றாகக் கலந்து கெட்டிலில் ஊற்றிவிடுகிறார்கள். அதைக் குறை சொல்லக்கூட எனக்கு விருப்பமில்லை. சமையற்காரர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். சாப்பிடாமல் ஒருவர் திரும்பினால் "ஏனுங்க ஐயா, உடம்புக்கு ஏதுங்களா" என்று கேட்காமல் விடுவதில்லை.

இனி, ஆள் வரும் நாட்கள்.

குடியிருப்பில் 118 வீடுகள், விருந்தினர் அறைகள் நான்கு. விருந்தினர் யாராயினும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. அறை வாடகை நாளுக்கு 1,500. 45 நாளுக்கு முன்பாகப் பதிவு திறக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது இந்த நான்கு என்ற எண்ணை நான் படித்தேன், ஆனால் 118 என்ற எண்ணோடு சேர்த்துப் படிக்கவில்லை. நாங்கள் வந்த 2024ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமையையும் தமிழ்நாடு அரசு விடுமுறையாக அறிவித்துவிட, நான்கு நாள் தொடர்விடுமுறை ஆயிற்று. எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். பதிவு திறந்த அன்று காலை ஆறுமணிக்கு அலுவலக வாசலில் 23 பேர் நின்றோம். அதில் மூவர் சக்கர நாற்காலியில். பொங்கலுக்கு மணியார்டர் வாங்க நின்ற வரிசைகளை நான் கவுண்டருக்கு உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். வெளியே நின்று பார்த்தது அன்றுதான். எங்களுக்கு அறை கிடைக்கவில்லை. மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள் நால்வரும் எங்கள் கூடத்தில் படுத்தார்கள். 'வீட்டுக்குள் கூடுதலாக இருவர் மட்டும்' என்று விதி இருப்பதாக இரவு ஒன்பதுக்கு மேலாளர் தொலைபேசியில் நினைவூட்டினார். தீபாவளி அன்றைக்கா சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "ரூல் அப்படி இருக்குங்க சார், நான் சொல்லிட்டேன்னு இருக்கணும் இல்லீங்களா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பிறகு யாரும் வந்து எண்ணவுமில்லை.

இரண்டாவது, சாப்பாட்டு நேரம். எங்கள் வீட்டுக்கு அதிகம் வருபவர்கள் மயிலாடுதுறையிலிருந்து வரும் அக்காவும் அத்தானும். இருவருக்கும் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனபின் முழுக்கட்டணம் கொடுத்துத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு ஏற்றது, மதியம் மயிலாடுதுறையில் ஏறி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு வழியாக வரும் ஜன சதாப்தி. செவ்வாய்க்கிழமை மட்டும் கிடையாது. அது கோவைச் சந்திப்புக்கு வரும்போது இரவு ஒன்பதுக்கு மேல் ஆகிவிடும், அங்கிருந்து டாக்சி பிடித்து இங்கே வரும்போது பத்தே கால். சாப்பாட்டுக் கூடத்தை எட்டரைக்குப் பூட்டிவிடுகிறார்கள். திரும்பும் வண்டி காலை ஏழுமணியை ஒட்டிப் புறப்படுவதால் ஆறுமணிக்கு இங்கிருந்து கிளம்ப வேண்டும், ஆனால் சிற்றுண்டி தருவது ஏழரைக்கு. ஆக, என் அக்கா இங்கே வரும் ஒவ்வொரு முறையும் இரவுச் சாப்பாடு மூடியபின் வந்து, காலைச் சாப்பாடு திறக்குமுன் போகிறாள். இது யாரும் திட்டமிட்டுச் செய்த கொடுமை அன்று. ரயில் கால அட்டவணையையும் சாப்பாட்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வீட்டிலேயே சமைத்துவிடலாமே என்பீர்கள். வீட்டில் எரிவாயுவுக்கு அனுமதி இல்லை, மின்தூண்டல் அடுப்பு மட்டுமே. தீ விபத்துக்குப் பயந்து வைத்த விதி, அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வெண்கல உருளியும் பித்தளைப் பாத்திரமும் அந்த அடுப்பில் சூடேறாது. இரும்பு ஒட்டும் அடிப்பாகம் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஈயச்சொம்பின் கதை இன்னும் மோசம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் பழைய நாளிலும் உள்ளே ரசம் இல்லாமல் அதை அடுப்பில் ஏற்றக் கூடாது. அந்தப் பக்குவம் என் மனைவிக்கு அத்துபடி. இங்கோ அடுப்பு அதை ஒரு பாத்திரமாகவே மதிக்காமல், கீச்சென்று ஒலி எழுப்பி அணைந்துவிடுகிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வைத்து, கொதி வந்ததும் ஈயச்சொம்புக்கு மாற்றி வைக்கிறாள். "மணம் வந்துடுச்சா?" என்று என்னைக் கேட்பாள். வந்துவிட்டது என்பேன். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது சொம்புல கொதிக்கலியே" என்றாள்.

இந்த இரவுச் சாப்பாட்டுச் சிக்கலை ஓராண்டு காலம் தீர்த்துவைத்தவர் இரவு நேரச் சமையற்காரர் ஒருவர். அக்கா வரும் அன்று மதியமே அவரிடம் சொல்லிவிடுவேன். "எத்தன பேருங்க? முன்னாடியே சொல்லிப்போட்டீங்கன்னா எடுத்து வெச்சர்றனுங்க" என்பார். ஆளுக்கு ஆறு இட்லி, கொஞ்சம் கட்டிச் சட்னி, சூடு ஆறாத டப்பாவில் காவலறையில் வந்து உட்கார்ந்திருக்கும். கூப்பன் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கமாட்டார். குடியிருப்பைப் பற்றி ஊரெல்லாம் நான் பெருமையாகச் சொன்னவற்றுள் இதுவும் ஒன்று. பிறகு அவர் மகள் பிரசவத்துக்காக மூன்று மாதம் விடுப்பில் போனார். அந்த வாரமே அக்கா வந்தாள். புதிதாக வந்தவரிடம் கேட்டபோது, எட்டரைக்கு மேல் உணவை வெளியே தர விதியில்லை என்று பணிவாகச் சொன்னார். சரிதான், விதியில்லை. இத்தனை நாள் நான் நிறுவனத்தின் சேவை என்று எண்ணியிருந்தது ஒரு மனிதருடைய நல்ல குணம் என்பது அப்போதுதான் உறைத்தது. குடியிருப்பைப் பார்க்க வருபவர்கள் அங்கே கிடைக்கும் அன்பையும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதையும் தனித்தனியாக எண்ணிக்கொள்ள வேண்டும். அன்று இரவு நாங்கள் நால்வரும் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். வெளியே போய் வாங்கிவரலாம் என்றால், யானை இறங்கும் பகுதி என்பதால் இருட்டியபின் நடந்து போக வேண்டாம் என்று வாயிலில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் பேச வேண்டியிருக்கிறது. கோடை விடுமுறையில் ஏழு வயதுப் பேத்தி பத்து நாள் தங்கினாள். நடைபாதையில் ஓடக் கூடாது, மின்தூக்கியில் தனியாக ஏறக் கூடாது, மதியம் ஒன்று முதல் நான்கு வரை தாழ்வாரத்தில் பேசக் கூடாது. மூன்றாம் நாள் கீழ்வீட்டுக்காரர் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார். கோபமாகத்தான் படியிறங்கினேன். அவர் மனைவி படுத்த படுக்கையாக இருக்கிறார். இரவெல்லாம் தூங்காதவர் மதியம்தான் ஒரு மணி நேரம் கண்ணயர்கிறார். அந்த வீட்டுக் கூரைதான் எங்கள் கூடத்தின் தரை. நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அதே சமயம், 118 வீடுகளில் குறைந்தது பாதிப் பேருக்காவது பேரப்பிள்ளைகள் உண்டு என்பது இந்த இடத்தைக் கட்டியவர்களுக்குத் தெரியாதா? யோகா கூடம் இருக்கிறது, நீரூற்று இருக்கிறது, யாரும் குளிக்காத நீச்சல் குளம் இருக்கிறது; படுக்கையறைகளிலிருந்து தொலைவில் ஓர் ஊஞ்சலும் ஒரு சறுக்குமரமும் போட மூன்று சென்ட் இடம் இல்லை. மருமகன் தினமும் மாலையில் குழந்தைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்காவது போய்விடுவார். அவர்கள் வந்து தங்கிய பத்து நாளில் பேத்தி என்னோடு வெளியே விளையாடிய நேரத்தைக் கூட்டினால் ஒரு நாள்கூடத் தேறாது.

இவற்றையெல்லாம் குடியிருப்போர் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்தேன். 36 ஆண்டு அரசுப் பணியில் கற்றது அது ஒன்றுதான். சிலவற்றை மாற்றினார்கள். பண்டிகை நாட்களில் விருந்தினர் அறைக்கு வரிசை கிடையாது, பெயர் எழுதிப்போட்டுக் குலுக்கல்; ஒரு முறை கிடைத்தவருக்கு அடுத்த பண்டிகைக்கு இல்லை. மதியம் மூன்று மணிக்குள் சொல்லிவிட்டால், இரவுச் சிற்றுண்டியைக் கட்டிக் காவலறையில் வைப்பார்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிட்டார்கள். இனி அது யாருடைய குணத்தையும் நம்பி இல்லை. விளையாட்டு இடம் 'பரிசீலனையில்' இருக்கிறது. அந்தச் சொல்லை நானே எத்தனையோ கோப்புகளில் எழுதியிருப்பதால், அதற்கு மேல் கேட்கவில்லை. வீட்டுக்குள் கூடுதலாக இருவர் என்பதை நான்காக்க மறுத்துவிட்டார்கள்.

ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. புதுப்பிக்கப்போகிறோம், வாங்கப்போவதில்லை. அவசரத்தில் கூப்பிட்டால் நான்கு நிமிடத்தில் ஆள் வரும் இடத்தை விட்டுப் போக இந்த வயதில் துணிவில்லை. வாங்கினால், எங்களுக்குப் பின் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வது அவர்களே வந்து தங்க முடியாத ஒரு வீடு. நண்பர்கள் யாராவது வருவதாக இருந்தால், ஒரு பண்டிகைக்கு முந்தைய நாள் வாருங்கள். மாலை ஆறுமணிக்கு வந்து வாயிலருகே ஒரு மணி நேரம் உட்காருங்கள். எத்தனை கார் வருகிறது, பெட்டியோடு இறங்குபவர்களை எங்கே அனுப்புகிறார்கள், அவர்களுக்குச் சோறு எங்கே என்று பார்த்தபிறகு பணம் கட்டுங்கள்.

போன வாரம் நாங்கள் டவுன்ஹால் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குப் போய் இன்னும் ஆறு தட்டும் ஆறு டம்ளரும் வாங்கினோம். மின்தூண்டல் அடுப்புக்கு ஏற்ற, அடி கனத்த ஒரு பெரிய பாத்திரமும் வாங்கினோம். பில் போடும்போது கடைப்பையன் கையில் வெட்டும் கருவியை எடுத்துக்கொண்டு, பெயர் என்ன போடட்டும் என்று கேட்டான். என் மனைவி சற்றும் யோசிக்கவில்லை. "பி-14னு மட்டும் போடுப்பா, மெஸ் தட்டோட கலந்துடும்" என்றாள்.